மைக் கைக்கு வந்தது, பேச்சு வரவில்லை

கேள்வி:

மேடம், எனக்கு வயது 47. கடலூர் முதுநகரில் குடியிருக்கிறேன். சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் பிளான்ட் ஆபரேட்டர் வேலை, மூன்று ஷிப்ட். படிப்பு ஐ.டி.ஐ. போன மாதம் மகள் கூப்பிட்டாள் என்று புதுச்சேரியில் ஒரு எழுத்தாளர் பேசிய கூட்டத்துக்குப் போனேன். அவர் எழுதிய எதையும் நான் படித்ததில்லை. ஆனால் ஒன்றரை மணி நேரம் அசையாமல் கேட்டேன். சொல்லாமல் வைத்திருப்பது உள்ளேயே அழுகிவிடும், உங்கள் அப்பாவைப் பற்றி ஒரு பக்கமாவது எழுதிப் பாருங்கள் என்றார். கடைசியில் கேள்வி கேட்கச் சொன்னார்கள். எப்படிக் கை தூக்கினேன் என்று தெரியவில்லை, மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். "ஐயா, எங்க அப்பா..." என்றதோடு தொண்டை அடைத்துவிட்டது. கண்ணில் தண்ணீர். பின்னால் யாரோ சிரித்தார்கள். "பரவாயில்லை, உட்காருங்க, அப்புறம் பேசலாம்" என்றார் அவர். அப்புறம் பேச முடியவில்லை, அவரைச் சுற்றி ஒரே கூட்டம்.

அப்பாவுக்குப் பண்ருட்டிப் பக்கம் இரண்டு காணி முந்திரிக்கொல்லை, வரப்போரம் பலாமரங்கள். நிலம் பிரிக்கிற தகராறில் நானும் அவரும் இரண்டு வருஷம் பேசவில்லை. தானே புயலில் மரமெல்லாம் சாய்ந்துவிட்டது. ரெண்டு நாள் கழித்து, ரோட்டில் கிடந்த மரங்களைச் சுற்றிக்கொண்டு வண்டியில் போனேன். பால் வடிந்துகொண்டிருந்த பலாமரத்தண்டை உட்கார்ந்திருந்தார். கையில் கொடுவாள், வெட்டவில்லை. என்னைப் பார்த்து "வண்டிய நெழல்ல வுடு" என்றார். நிழலே இல்லை மேடம். நான் ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன். அந்தச் சித்திரையிலேயே அவர் போய்ச் சேர்ந்தார்.

கூட்டத்திலிருந்து வந்தபின் தினமும் எழுதுகிறேன். ஒரு பக்கம் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அந்த எழுத்தாளருக்கு முகநூலில் நீளமாக எழுதிப் போட்டேன், பதில் இல்லை. எனக்கு ஒற்றுப்பிழை நிறைய வரும். வீட்டில் மனதில் இருப்பதைச் சொல்லவும் தெரியாது. இது ஏதாவது வியாதியா? மனைவி, "இந்த வயசுல யாருக்கு எழுதுறீங்க" என்கிறாள். அண்ணனுக்குத் தெரிந்தால் சண்டை வரும். எழுதலாமா, விட்டுவிடலாமா? நேரில் வந்து பார்க்க வேண்டுமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

வியாதிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். துக்கம் முட்டும்போது தொண்டைத் தசைகள் இறுகும். அந்த நேரத்தில் பேச முயன்றால் குரல் உடையும், இல்லை நின்றே போகும். இது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. கல்யாண மேடையில் பெண்ணைத் தாரைவார்க்கிற அப்பாக்களுக்கும், ரிட்டயர்மென்ட் கூட்டத்தில் நன்றி சொல்ல எழுந்திருக்கிறவர்களுக்கும் இதேதான் நடக்கிறது. அதற்குச் சிகிச்சை எதுவும் தேவையில்லை.

தன் உள்ளே ஓடுவது கோபமா, துக்கமா, பயமா என்று பிரித்துச் சொல்லவே சிரமப்படுகிறவர்கள் உண்டு. பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர் 1970களில் அதற்கு அலெக்ஸிதைமியா என்று பெயர் வைத்தார். அதுகூட ஒரு சுபாவம்தான், நோய் கிடையாது. ஒரு கடிதத்தை வைத்து நான் எதையும் அடித்துச் சொல்லக்கூடாது. ஆனாலும் 'நிழலே இல்லை மேடம்' என்று எழுதத் தெரிந்த ஒருவருக்குத் தன் மனதில் என்ன இருக்கிறது என்று தெரியாது என்பதை நான் நம்பத் தயாராக இல்லை. உங்களுக்குத் தெரிகிறது. நாலு பேர் நடுவில் அதைச் சொல்லிப் பழக்கமில்லை, அவ்வளவுதான். மூன்று ஷிப்ட் வேலை பார்க்கிற வீட்டில் ஒருவர் சாப்பிடும்போது இன்னொருவர் தூங்குகிறார். பேசிப் பழக எங்கே நேரம் இருந்திருக்கும்?

சிரித்தவர்கள் விஷயம். எத்தனை பேர் சிரித்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை, 'யாரோ' என்றிருக்கிறீர்கள். கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்து பழகியவள் என்ற முறையில் சொல்கிறேன்: அங்கே எதற்கு வேண்டுமானாலும் சிரிப்பார்கள். போனில் வந்த வீடியோவுக்காகக்கூட இருக்கலாம். உங்களைப் பார்த்துத்தான் சிரித்தார்கள் என்றே வைத்துக்கொண்டாலும், அந்த மனிதர் டீ குடிக்கப் போகும்போதே அதை மறந்திருப்பார். சுமந்துகொண்டு பஸ் ஏறியது நீங்கள் மட்டும்தான்.

இப்போது அந்தப் பேச்சுக்கு வருகிறேன். சொல்லாமல் வைத்திருப்பது உள்ளே அழுகும் என்று அவர் சொன்னது மேடைக்கு நல்ல வரி. நானும் கைதட்டியிருப்பேன். ஆனால் மனநலம் பார்க்கிற என் தொழிலில் நின்று பார்த்தால் அது பாதிதான் சரி. எத்தனையோ பேர் எத்தனையோ விஷயங்களை யாரிடமும் சொல்லாமல், நன்றாகத் தூங்கி எழுந்து, பிள்ளைகளை வளர்த்து, பேரன் பேத்தி பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களுக்குள்ளே எதுவும் அழுகவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு உங்கள் கடலூர்க் கரையோரத்துக்கு ஆலோசகர்கள் நிறையப் பேர் வந்தார்கள். பெரிய இழப்பு நடந்த உடனே ஒருவரை உட்காரவைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லச் சொல்லிக் கிளறுவது எல்லோருக்கும் நல்லது செய்வதில்லை. அதைப் பொதுச் சிகிச்சையாகச் செய்ய வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடும். கேட்டால் காது கொடுக்க ஆள் இருக்க வேண்டும். சொல்லியே தீர வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை.

ஆகவே அந்தப் பேச்சை ஒரு கட்டளையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்குச் சொல்லவேண்டும் என்று இருக்கிறது, அந்த ஆசை உங்களுடையது. அவர் வருவதற்கு முன்பே இருந்தது. இல்லையென்றால் படித்தே இராத ஒருவர் பேச்சில் கை தானாகத் தூக்கியிருக்காது. முகநூலில் அவர் பதில் போடாததற்கும் இதேதான் பதில். ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் இப்படி எத்தனை பேர் எழுதுவார்களோ. அவர் நல்லவரா கெட்டவரா என்று அதை வைத்து முடிவுகட்ட வேண்டாம், இரண்டாவது மெசேஜும் போட வேண்டாம். அவர் எழுதியதை வாங்கிப் படியுங்கள். எழுத்தாளரோடு பேசுவதற்கு அதுதான் நேர்வழி.

எனக்கு நிறையச் சொல்ல இருப்பது நீங்கள் அனுப்பிய அந்த ஒரு பக்கத்தைப் பற்றித்தான். ஒளிவுமறைவில்லாமல் சொல்லட்டுமா? கடிதம் நன்றாக இருக்கிறது, அந்தப் பக்கம் நன்றாக இல்லை. 'தந்தையே, நீ ஒரு ஆலமரம், உன் தியாகத்தின் விழுதுகளில் நாங்கள் ஊஞ்சல் ஆடினோம்' என்று ஆரம்பிக்கிறது. 'கண்ணீர்க் கடல்' மூன்று இடத்தில் வருகிறது. முதுநகர் பஸ் ஸ்டாப்பில் ஒட்டியிருக்கிற கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் எந்த அப்பாவின் படத்தைப் போட்டாலும் இந்த வரிகள் பொருந்தும். உங்கள் அப்பா ஆலமரம் வைத்தவர் இல்லையே, பலா வைத்தவர். கடிதத்தில் அவர் மரத்தண்டை உட்கார்ந்திருக்கிறார், கையில் கொடுவாள் இருக்கிறது, வெட்டவில்லை. மரத்தில் பால் வடிகிறது. இரண்டு வருஷம் பேசாத மகன் வருகிறான், அவர் வண்டியைப் பற்றிப் பேசுகிறார். இதைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் அடுத்த கடிதத்தைப் பிரிக்கவில்லை. அதே கையால் அதே வாரத்தில் எழுதியதுதானே இரண்டும்? எனக்கு எழுதும்போது விஷயத்தைச் சொன்னால் போதும் என்று எழுதினீர்கள். நோட்டைத் திறந்ததும் எழுத்தாளர் ஆகவேண்டும் என்று உட்கார்ந்துவிட்டீர்கள். கூட்டத்தில் கேட்ட குரல் காதை விட்டுப் போகவில்லை. நல்ல பேச்சைக் கேட்டுவிட்டு வந்தால் கொஞ்ச நாளைக்கு எல்லோருக்கும் இது நடக்கும். அதனால் கவலைப்பட வேண்டாம், ஆனால் அதிலேயே ஓட்டிக்கொண்டு போகவும் வேண்டாம்.

நீங்கள் பழக்கமே இல்லாமல் ஆரம்பிக்கிறவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பிளான்ட் ஆபரேட்டர் என்றால் ஒவ்வொரு ஷிப்டிலும் லாக் புக் எழுதுகிறவர்தானே? ரியாக்டர் டெம்ப்ரேச்சர் இவ்வளவு, 2.40க்குப் பம்ப் டிரிப் ஆனது, ஸ்டாண்ட்பை போட்டோம், இந்த வால்வில் கசிவு, மெயின்டெனன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது. அடுத்த ஷிப்டுக்கு வருகிறவன் நீங்கள் வீட்டுக்குப் போன பிறகு அதைப் படிப்பான். அவனுக்கு என்ன நடந்தது என்று துல்லியமாகத் தெரியவேண்டும், இல்லாவிட்டால் ஆபத்து. அதில் 'பம்ப் வேதனையில் துடித்தது' என்று நீங்கள் எழுதமாட்டீர்கள். இருபது வருஷத்துக்கு மேலாக இப்படி எழுதிய கை உங்களுடையது. கல்லூரியில் தமிழ் படித்துவிட்டு வருகிற பலருக்கு இந்தப் பயிற்சி கிடையாது.

அதனால் அந்த நாளை லாக் புக் மாதிரியே எழுதிப் பாருங்கள். வீட்டை விட்டுக் கிளம்பியது எத்தனை மணிக்கு? வண்டி எது, பெட்ரோல் கிடைத்ததா? புயல் 2011 டிசம்பர் 30 காலையில் கரையைக் கடந்தது. அதற்குப் பிறகு கடலூரில் பல நாள் கரன்ட் இல்லை, எந்தெந்த இடத்தில் ரோட்டில் மரம் கிடந்தது, எங்கே இறங்கித் தள்ளினீர்கள்? வழியில் யாராவது அறுத்துக்கொண்டிருந்தார்களா? கொல்லைக்குள் நுழைந்தபோது முதலில் கண்ணில் பட்டது அப்பாவா, மரமா? அவர் என்ன உடுத்தியிருந்தார்? கொடுவாள் எந்தக் கையில்? 'நெழல்ல வுடு' என்றபோது நிமிர்ந்து பார்த்தாரா, பார்க்காமலே சொன்னாரா? நீங்கள் வண்டியை எங்கேதான் நிறுத்தினீர்கள்? 'கொஞ்ச நேரம் நின்றேன்' என்கிறீர்கள். அது அஞ்சு நிமிஷமா, ஒரு மணி நேரமா? அவர் இன்னும் ஏதாவது பேசினாரா? கிளம்பும்போது சொல்லிக்கொண்டு கிளம்பினீர்களா? நினைவில்லாததை இட்டுக்கட்டாமல், நினைவில்லை என்றே எழுதுங்கள். ஒரே ஒரு கட்டுப்பாடு: துக்கம், பாசம், தியாகம், வேதனை என்ற சொற்கள் கொஞ்ச காலத்துக்கு உங்கள் நோட்டுக்குள் வரக்கூடாது. அவை இல்லாமல் எழுத முடியுமா என்று பாருங்கள்.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. புதுச்சேரியில் பெரிய மார்க்கெட் பக்கம் ரங்கப்பிள்ளை வீதியில் நீங்கள் எத்தனையோ தடவை நடந்திருப்பீர்கள். அந்த வீதிக்குப் பெயர் கொடுத்த ஆனந்தரங்கப் பிள்ளை, பிரெஞ்சு கவர்னர் துப்ளேவுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், பெரிய வியாபாரி. 1736இல் ஆரம்பித்து 1761இல் சாகும் காலம் வரை நாட்குறிப்பு எழுதினார். காதால் கேட்டது, கண்ணால் பார்த்தது, கப்பல் வந்தது போனது, ஊரில் நடக்கிற விநோதங்கள் இவற்றை எழுதப்போகிறேன் என்று சொல்லித்தான் தொடங்குகிறார். யார் என்ன சொன்னார்கள், யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள், எந்தக் கப்பலில் என்ன சரக்கு என்று போகிறது. கணக்குப்பிள்ளைக் கணக்கு மாதிரி இருக்கும். ஆனால் பத்துப் பக்கம் படித்தால் அந்த மனிதரின் பயம், கர்வம், எரிச்சல், யாரைக் கண்டால் பிடிக்காது என்பதெல்லாம் தெரிந்துவிடுகிறது. அவர் யாருக்காகவும் அச்சுப் போட எழுதவில்லை. அவர் இறந்து எண்பத்தைந்து வருஷம் கழித்து, 1846இல் கலுவா மோன்பிரன் என்ற பிரெஞ்சுக்காரர்தான் அந்தச் சுவடிகளைக் கண்டெடுத்து வெளியே கொண்டுவந்தார். மனதைத் திறந்துகாட்ட வேண்டும் என்று பிள்ளை உட்காரவே இல்லை. பார்த்ததை எழுதினார், மனது தானாகக் கூடவே வந்துவிட்டது.

ஒற்றுப்பிழைக்கும் ஐ.டி.ஐ.க்கும் இரண்டு வரி போதும். ஜெயகாந்தன் உங்கள் ஊர்க்காரர், 1934இல் மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர், பள்ளிப்படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி, ஞானபீடம் வாங்கினார். கடைசிவரை புதுச்சேரி லாஸ்பேட்டையில் வாழ்ந்த கி. ராஜநாராயணனுக்கு முதல் கதை அச்சில் வந்தபோது வயது முப்பது தாண்டிவிட்டது, கரிசல்காட்டுப் பேச்சுத் தமிழிலேயே அவர் எழுதினார். 'வண்டிய நெழல்ல வுடு' என்பதைத் திருத்தி 'வண்டியை நிழலில் நிறுத்து' என்று நீங்கள் எழுதியிருந்தால் எனக்கு உங்கள் அப்பா தெரிந்திருக்க மாட்டார். ஒற்றுப்பிழையை மகள் பார்த்துத் திருத்தித் தரட்டும், அப்பாவின் பேச்சில் மட்டும் அவள் கைவைக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

எழுதினால் மனபாரம் குறையுமா என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை. ஆனாலும் கடிதம் முழுக்க அந்த எதிர்பார்ப்பு இருக்கிறது. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். மாணவர்களை ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிஷம், தொடர்ந்து நாலு நாள், வாழ்க்கையில் தங்களை அதிகம் பாதித்த சம்பவத்தைப் பற்றி எழுதச் சொன்னார். இன்னொரு குழு சாதாரண விஷயங்களைப் பற்றி எழுதியது. அந்த ஆய்வு 1986இல் வெளியானது. சம்பவத்தையும் அதோடு சேர்ந்த உணர்ச்சியையும் எழுதியவர்கள் அடுத்து வந்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைவாக இருந்தது. அதற்குப் பிறகு நூற்றுக்கு மேல் ஆய்வுகள் நடந்துவிட்டன. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் சராசரிப் பலன் இருக்கிறது, ஆனால் சின்னதுதான். சிலருக்கு நன்றாகக் கேட்கிறது, சிலருக்கு ஒன்றுமே இல்லை. இன்னொன்றையும் அவர்கள் கவனித்தார்கள்: எழுதி முடித்த உடனே மனது லேசாவதில்லை, அப்போதைக்குக் கனமாகத்தான் இருக்கும். அதனால் எழுதிவிட்டு அழுதால் முறை தப்பிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

சம்பவத்தோடு உணர்ச்சியையும் எழுதியவர்களுக்குத்தானே பலன், நீங்கள் உணர்ச்சிச் சொல்லே வேண்டாம் என்கிறீர்களே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உங்கள் கை இப்போது போஸ்டர் வரிகளுக்குள் ஓடி ஒளிந்துகொள்கிறது, அதனால்தான் அந்தத் தடை. அந்த நாளை முழுசாக எழுதி முடித்த பிறகு தடையை எடுத்துவிடுங்கள். அப்போது 'எனக்கு வெட்கமாக இருந்தது' என்று ஒரு வரி வந்தால், அது யாரிடமிருந்தும் கடன் வாங்கிய வரியாக இருக்காது.

எப்போது எழுதுவது என்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். சி ஷிப்ட் வாரத்தில் எழுதவே வேண்டாம். ராத்திரி முழுக்க விழித்துவிட்டு வந்து அப்பாவை நினைத்துக்கொண்டு உட்கார்ந்தால், பகல் தூக்கமும் போய்விடும். உங்கள் வேலையில் தூக்கம் கெட்டால் அது உங்களோடு முடிகிற விஷயமில்லை. ஏ ஷிப்ட் வாரத்தில் சாயங்காலம் இருபது நிமிஷம் போதும். மணி ஆனதும் நோட்டை மூடிவிட்டு எழுந்து ஏதாவது கைவேலை செய்யுங்கள், இல்லை கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள்.

மனைவி கேட்டதை நீங்கள் தடையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது வேறு மாதிரிக் கேட்கிறது. இத்தனை வருஷமாக ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுப் படுத்த மனிதர் திடீரென்று தினமும் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு எழுதுகிறார் என்றால், எந்த வீட்டில்தான் கேட்க மாட்டார்கள்? 'யாருக்கு எழுதுறீங்க' என்பதில் கொஞ்சம் சந்தேகம் இருக்கலாம், கொஞ்சம் ஏக்கமும் இருக்கலாம். எனக்குச் சொல்லாததை யாருக்குச் சொல்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. 'அப்பாவப் பத்தி எழுதறேன்' என்று ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். படித்துக் காட்ட வேண்டிய அவசியம் இப்போதைக்கு இல்லை.

அப்புறம் ஒன்று செய்யுங்கள், இதைத்தான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன். மனைவியிடம் கேளுங்கள். அந்த இரண்டு வருஷம் நீங்கள் அப்பாவிடம் பேசவில்லை, சரி. உங்கள் மனைவியும் பேசவில்லையா? பெரும்பாலான வீடுகளில் ஆண்கள் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள், மருமகள்கள் போனில் பேசிக்கொண்டுதான் இருப்பார்கள். பிள்ளைக்கு மொட்டை, பரீட்சை, காய்ச்சல் என்று ஏதாவது சாக்கு இருக்கும். புயலுக்குப் பிறகு மனைவி மாமனாரிடம் பேசினாரா, மாமனார் என்ன சொன்னார், உங்களைப் பற்றி ஏதாவது கேட்டாரா என்று தெரிந்துகொள்ளுங்கள். அப்பாவின் கடைசி மாதங்கள் உங்களிடம் இல்லை, உங்கள் மனைவியிடம் கொஞ்சம் இருக்கலாம், அண்ணியிடம் இருக்கலாம், ஊரில் பக்கத்துக் கொல்லைக்காரரிடம் இருக்கலாம். மனதில் இருப்பதைச் சொல்லத் தெரியாது என்கிறீர்களே, கேட்க வருமா என்று பாருங்கள். பேச்சு வராத ஆண்களிடம் நான் முதலில் இதைத்தான் சொல்வது. ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் முடியும்வரை நடுவில் குறுக்கிடாமல் இருந்தால், வீட்டில் பாதிப் பேச்சு அங்கேயே நடந்துவிடும்.

அண்ணன் விஷயம் கொஞ்சம் சிக்கல். நிலம் பிரிந்து பத்திரம் பதிந்தாகிவிட்டதா, இன்னும் இழுபறியா என்று நீங்கள் எழுதவில்லை. இழுபறி என்றால், அப்பாவைப் பற்றி எழுதுகிற நோட்டும் பாகப்பிரிவினையும் ஒன்றோடொன்று கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணன் செய்தது அநியாயம் என்று உங்களுக்குத் தோன்றினால் அதற்கு வக்கீல் இருக்கிறார், ஊர்ப் பெரியவர்கள் இருக்கிறார்கள். நோட்டில் அண்ணனைப் பற்றியும் எழுதுங்கள், கோபத்தோடுகூட எழுதுங்கள், யார் தடுக்கப் போகிறார்கள்? ஆனால் அதைப் போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடக்கூடாது. முகநூலில் போடக்கூடாது. அப்பா நினைவு நாளன்று மனது இளகிப் போய் 'ஷேர்' பண்ணிவிட்டு, அடுத்த நாள் அண்ணன் தம்பி கோர்ட் வாசலில் நின்ற குடும்பங்களை எனக்குத் தெரியும். எழுதுவது உங்கள் உரிமை. வெளியிடுவது அதில் வருகிற எல்லோரையும் தொடுகிற காரியம், அதற்கு வருஷங்கள் இருக்கின்றன. ஒருவேளை அந்தக் கொல்லையில் விழுந்த மரங்களை அண்ணன் எப்படிப் பார்த்தார் என்றுகூட ஒருநாள் கேட்கத் தோன்றலாம். தோன்றாவிட்டாலும் பரவாயில்லை.

கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். கை தூக்கினீர்கள், மைக் வந்தது, 'எங்க அப்பா' என்றீர்கள். அதற்கு மேல் என்ன கேட்க நினைத்தீர்கள் என்று கடிதத்தில் எங்கேயும் இல்லை. அந்தக் கேள்வி இன்னும் கேட்கப்படாமல் இருக்கிறது. அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பாருங்கள், ஒரே வாக்கியம், கேள்விக்குறியோடு முடியவேண்டும். அடுத்த கூட்டத்துக்கு மகளோடு போகும்போது சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். மைக் வந்தால் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டாம், சீட்டைப் பார்த்துப் படித்துவிட்டு உட்காருங்கள். மேடையில் பேசிப் பழகியவர்களே குறிப்பு வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள், கேட்கிறவர் வைத்துக்கொள்ளக்கூடாதா? ஒருவேளை எழுதிப் பார்த்தபின் அது எழுத்தாளரிடம் கேட்க வேண்டிய கேள்வியே இல்லை, வீட்டில் யாரிடமோ கேட்க வேண்டியது என்று தெரிந்தால், கூட்டத்தில் சும்மா கேட்டுவிட்டு வாருங்கள். கூட்டத்துக்குப் போகிற எல்லோரும் பேசித்தான் ஆகவேண்டும் என்று சட்டமில்லை.

நேரில் வரவேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்குத் தேவை தெரியவில்லை. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் சரியில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வேலையில் கவனம் நிற்கவில்லை, பழக்கமில்லாத குடி வருகிறது, அப்பாவிடமே போய்விடலாம் என்று எண்ணம் ஓடுகிறது என்றால் தாமதிக்க வேண்டாம். கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலேயே மனநல மருத்துவரைப் பார்க்கலாம், புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையிலும் பார்க்கலாம். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இலவசம், ராத்திரி பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். என்னைத்தான் பார்க்க வேண்டும் என்றால் தாராளமாக வாருங்கள். சி ஷிப்ட் முடித்த கையோடு மட்டும் வண்டி எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். தூங்கி எழுந்து, சாப்பிட்டுவிட்டு, பஸ்ஸில் வாருங்கள்.